சிறுவணிகத்துக்கு ஒரு லோகோ: கூலாயிலிருந்து ஒரு நெடுநாள் கேள்வியைப் பார்க்கையில்

ஒரு சிறுவணிகத்துக்கு லோகோ வேண்டுமா? வேண்டுமென்றால் அது எப்படி இருக்க வேண்டும், யாரிடம் கொடுத்து வரைவது, எவ்வளவு செலவிடுவது? கேள்வி எளிதாகத் தோன்றினாலும், நூற்றைம்பது ஆண்டுகளாக வணிகர்களும் ஓவியர்களும் வழக்கறிஞர்களும் சந்தை ஆய்வாளர்களும் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்தவுடன் சரக்கு என்னவென்று தெரிய வேண்டும் என்பது ஒரு தரப்பு. படம் எதையும் விளக்க வேண்டியதில்லை, பிறர் படத்திலிருந்து வேறுபட்டால் போதும் என்பது இன்னொரு தரப்பு. அழகைவிட உரிமையே முக்கியம் என்கிறது சட்டம்.

ஜோகூர் பாருவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூலாயில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. ரப்பர், செம்பனைத் தோட்டங்களைச் சார்ந்து வளர்ந்த இந்த ஊர், இன்று செனாய் விமான நிலையம், தொழிற்பேட்டைகள், இண்டாபுரா, பண்டார் புத்ரா முதலிய குடியிருப்புப் பகுதிகள் என விரிந்திருக்கிறது. தோட்டத்திலிருந்து நகருக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் மசாலைத் தூள், பலகாரம், தையல், பூமாலை, முடிதிருத்தகம், கார்ப் பட்டறை என்று சொந்தத் தொழிலில் இறங்குகிறார்கள். இவர்களுடைய கடைக்கு மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் வருகிறார்கள். ஒரே படம் மூன்று மொழி பேசுவோருக்கும் புரிய வேண்டியிருக்கிறது.

சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசு அமைப்பான எஸ்எம்இ கார்ப் மலேசியாவின் வரையறைப்படி, ஆண்டு விற்பனை 3 இலட்சம் வெள்ளிக்குக் குறைவாகவோ முழுநேரப் பணியாளர்கள் ஐந்து பேருக்குக் குறைவாகவோ உள்ள தொழில் நுண்தொழில் எனப்படும். லோகோ பற்றிய நூல்களும் ஆய்வுகளும் பெரும்பாலும் பெருநிறுவனங்களைப் பற்றியவை. அவற்றின் முடிவுகள் நுண்தொழிலுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மனத்தில் வைத்து, முக்கிய நிலைப்பாடுகளின் தோற்றத்தையும் வலுவையும் குறைகளையும் இங்கே தொகுத்துப் பார்க்கலாம்.

படமே பெயர்: மார்க் மரபு

முதல் விடை மிகப் பழையது. எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளரும், வேற்று மொழி பேசும் வாடிக்கையாளரும் சரக்கை அடையாளம் காணப் படம் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 19ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிக்கட்டுகளில் யானை, புலி, தெய்வ உருவங்கள் அச்சிட்ட வண்ணச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. வாங்குபவர் ஆலையின் பெயரைச் சொல்லாமல் படத்தைச் சொல்லித் துணி கேட்டார். 1875இல் பிரிட்டன் வணிக முத்திரைப் பதிவுச் சட்டத்தை இயற்றியது. 1876 ஜனவரி 1 அன்று முதல் பதிவாகப் பாஸ் மதுவாலையின் சிவப்பு முக்கோணம் ஏறியது. படத்துக்குச் சொத்து மதிப்பு உண்டு என்பதை அரசே ஏற்றுக்கொண்ட தருணம் அது.

தமிழ்நாட்டில் இந்த மரபைப் பரப்பியதில் சிவகாசிக்குப் பெரும் பங்கு உண்டு. 1920களில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தொழில், லேபிள் அச்சிடும் அச்சகங்களையும் உடன் வளர்த்தது. தீப்பெட்டி, பட்டாசு, நாட்காட்டி என்று எல்லாவற்றிலும் ஒரு விலங்கோ தெய்வமோ பூவோ இடம்பெற்றது. கடைக்காரரிடம் ‘அணில் மார்க்’, ‘யானை மார்க்’ என்று கேட்கும் வழக்கம் அப்படித்தான் நிலைத்தது.

மலாயாவிலும் இதே நிலைதான். 1892இல் ஆல்ஃபிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய வணிகத்தின் டப்பாக்களில் சேவல் படம் இருந்தது. மக்கள் அதைச் சேவல் முத்திரை (சாப்) என்ற பொருளில் ‘சாப் ஆயாம்’ என்றே கேட்டு வாங்கினார்கள். அந்த வழக்கே பின்னர் ‘ஆயாம் பிராண்ட்’ என்ற பெயராயிற்று. மூன்று மொழி புழங்கும் சந்தையில் படத்தின் ஆற்றலுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சார்டின் மீன் டப்பாவில் இருக்கும் சேவல் உள்ளே இருக்கும் சரக்கை விளக்கவில்லை. நினைவில் நின்றதற்கும், பிறருடைய சரக்கோடு குழம்பாமல் இருந்ததற்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த மரபின் குறை, எல்லோரும் ஒரே களஞ்சியத்திலிருந்து எடுப்பது. தாமரை, மயில், குத்துவிளக்கு, யானை, கோபுரம் ஆகியவை மங்கலமானவை. அதனாலேயே பத்துக் கடைகளுக்குப் பொதுவாகிவிடுகின்றன. மயிலைப் பார்த்தால் இந்தியர் கடை என்று தெரியும், எந்தக் கடை என்று தெரியாது. படம் இனத்தை அடையாளப்படுத்துகிறதே ஒழிய வணிகத்தை அடையாளப்படுத்துவதில்லை.

பொருளை வணிகமே தரும்: நவீன வடிவமைப்பாளர்களின் விடை

இரண்டாம் விடை 20ஆம் நூற்றாண்டின் தொழில் வடிவமைப்பிலிருந்து வந்தது. 1907இல் ஜெர்மனியின் ஏஇஜி மின் நிறுவனத்தின் கலை ஆலோசகராகப் பொறுப்பேற்ற பீட்டர் பேரன்ஸ், முத்திரை, விளம்பரம், விளக்கு, தொழிற்கூடக் கட்டடம் வரை அனைத்துக்கும் ஒரே தோற்ற ஒழுங்கைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஐபிஎம், யுபிஎஸ், ஏபிசி முதலியவற்றுக்கு முத்திரை வரைந்த பால் ராண்ட் இந்தச் சிந்தனைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். லோகோ நேரடியாக விற்காது, அடையாளம் காட்டும். அதன் பொருள் அது குறிக்கும் நிறுவனத்தின் தரத்திலிருந்தே வருகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தியாவில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சேகர் காமத் 1971இல் ஸ்டேட் வங்கிக்கு வரைந்த, கீழே சிறு பிளவுள்ள நீல வட்டம் இதே பள்ளியைச் சேர்ந்தது. வங்கியைப் பற்றிய எந்தப் படமும் அதில் இல்லை. ஆனாலும் இந்தியாவில் அதை அறியாதவர் குறைவு.

செலவுக்கும் பயனுக்கும் நேர்விகிதம் இல்லை என்பதற்கும் இந்தத் தரப்பின் வரலாற்றிலேயே சான்று உண்டு. நைக்கியின் வளைகோட்டை 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்தார். அந்த நிறுவனம் பின்னாளில் அவருக்குப் பங்குகள் கொடுத்துச் சிறப்பித்தது. 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்குப் பால் ராண்ட் வரைந்ததற்கான கட்டணம் 1 இலட்சம் டாலர். மலிவாக வந்த கோடு உலகறிந்த முத்திரையானது. விலையுயர்ந்த முத்திரையோ நிறுவனத்தைச் சந்தையில் நிலைநிறுத்தப் போதவில்லை.

பொருளற்ற வடிவத்துக்குப் பொருள் ஏறக் காலமும் விளம்பரமும் வேண்டும் என்பதே இந்த விடையின் பெரிய குறை. ஸ்டேட் வங்கிக்கு நாடெங்கும் கிளைகள் இருந்தன. நைக்கிக்கு விளையாட்டு வீரர்கள் இருந்தார்கள். கூலாய்த் தாமான் புத்ரியின் ஒரு கடைவரிசையில் ஒற்றைக் கதவுக் கடை வைத்திருப்பவருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அவர் கடைக்கு ஒரு நீல வட்டத்தை மாட்டினால், அது எதைக் குறிக்கிறது என்று தெருவில் போகிறவர் நின்று யோசிக்கமாட்டார். ஆனால் எளிமை, ஒரே நிறத்திலும் நிற்கும் உறுதி ஆகிய நவீனர்களின் ஒழுக்கங்கள் சிறுவணிகத்துக்கும் பொருந்துகின்றன. கூலாயில் ஒரு லோகோ கடைப்பலகையிலும் ஏற வேண்டும், பில்லில் குத்தும் ரப்பர் சாப்பிலும் தெளிய வேண்டும், வாட்ஸ்அப் கணக்கின் சிறு வட்டத்திலும் அடங்க வேண்டும். ரப்பர் சாப்பில் நிறமும் இல்லை, நிழலும் இல்லை. அதில் தெளிவாக விழாத லோகோ வேறு இடங்களிலும் சிக்கல் தரும்.

படம் சரக்கைச் சொல்லட்டும்: அளவாய்வுகளின் விடை

மூன்றாம் விடை சந்தை ஆய்வாளர்களுடையது. 1998இல் பமெலா ஹெண்டர்சனும் ஜோசப் கோட்டும் 195 லோகோக்களை மதிப்பிட வைத்து, இயற்கையான உருவச் சாயல், இணக்கமான அமைப்பு, மிகையும் குறையும் இல்லாத நுணுக்கம் ஆகியவை உள்ள முத்திரைகளை மக்கள் கூடுதலாக விரும்புகிறார்கள் என்று கண்டார்கள். 2019இல் ஜோனதன் லுஃபரெல்லி குழுவினர் 597 நிறுவனங்களின் லோகோக்களை ஆராய்ந்தார்கள். விற்கும் சரக்கை எழுத்தாலோ படத்தாலோ காட்டும் லோகோக்கள் எளிதில் புரிகின்றன, நம்பகமானவையாகத் தோன்றுகின்றன, வாங்கும் விருப்பத்தையும் கூட்டுகின்றன என்பது அவர்கள் முடிவு. பெயர் பரவாத வணிகத்துக்கே இந்தப் பயன் அதிகம் என்றும், நன்கு அறிந்த நிறுவனங்களுக்கு அது தேய்ந்துவிடுகிறது என்றும் அவர்கள் கண்டது கூலாய்க்கு முக்கியமானது. சிறுவணிகம் என்பதே பெரும்பாலும் பெயர் பரவாத வணிகம்தானே.

அதே ஆய்வு ஒரு விலக்கையும் சொல்கிறது. மக்கள் மனத்தில் எதிர்மறை எண்ணத்தைத் தூண்டும் சரக்கானால், அதை அப்பட்டமாகக் காட்டும் லோகோ பயன் தராமல் போகலாம். அவர்கள் சுட்டிய உதாரணங்களில் காடழிப்போடு சேர்த்துப் பேசப்படும் செம்பனை எண்ணெயும் ஒன்று. செம்பனையே பிழைப்பாக இருந்த வட்டாரத்தில் மக்களின் எண்ணம் இதற்கு நேர்மாறாக இருக்கவும் கூடும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பெற்ற முடிவை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது என்பதற்கு இதுவே போதுமான எச்சரிக்கை.

விவரம் எவ்வளவு நினைவில் தங்குகிறது என்ற கேள்விக்கும் ஆய்வு உண்டு. 2015இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 85 மாணவர்களிடம் ஆப்பிள் லோகோவை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பிழையில்லாமல் வரைந்தவர் ஒரே ஒருவர். தினமும் கண்ணில் படும் படத்தின் நுணுக்கங்களே மனத்தில் பதிவதில்லையென்றால், ஒரு லோகோவுக்குள் அரிவாள், மிளகாய், அம்மி, ஊர்ப்பெயர், தொடங்கிய ஆண்டு எல்லாவற்றையும் திணிப்பதால் பெரிய பயன் இருக்காது என்று கருத இடமுண்டு.

இந்தத் தரப்பின் குறைகள் இரண்டு. பெரும்பாலான சோதனைகள் மேற்கத்திய வாடிக்கையாளர்களிடம், திரையில் தெரியும் படங்களைக் கொண்டு நடந்தவை. சாலையோரப் பலகையைக் கடந்து போகும் காரோட்டியின் பார்வை வேறு. இன்னொன்று, பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கும் திரும்பத் திரும்ப வந்து வாங்குவதற்கும் உள்ள இடைவெளியை இவை முழுமையாக அளப்பதில்லை.

மாற்றாமல் இருப்பதே வலிமை

நான்காம் விடை, எந்தப் படம் என்பதைவிட எவ்வளவு காலம் மாறாமல் இருந்தது என்பதை முன்வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஏரன்பெர்க்–பாஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பைரன் ஷார்ப்பின் நூல் 2010இலும், ஜென்னி ரோமனியுக்கின் நூல் 2018இலும் வெளிவந்தன. நிறம், எழுத்து, உருவம், ஒலி எதுவானாலும், பிறர் பயன்படுத்தாத ஒன்றைத் தேர்ந்து இடைவிடாமல் பயன்படுத்தினால் அது நினைவில் வேரூன்றும் என்பது இவர்கள் நிலைப்பாடு. இதற்கு உளவியல் பின்புலமும் உண்டு. அடிக்கடி கண்ணில் படும் வடிவத்தின்மேல் மனிதருக்கு விருப்பம் கூடுகிறது என்று ராபர்ட் ஸயாங்க் 1968இல் காட்டினார்.

திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு 1957இல் தொடங்கிய பிரியாணிக் கடை இங்கே நினைவுக்கு வரும். அவர் வழக்கமாக அணிந்த தலைப்பாகையே கடையின் அடையாளமாகி, மக்கள் வாயில் ‘தலப்பாக்கட்டி’ என்ற பெயராக நிலைத்தது. எந்த வடிவமைப்பாளரும் திட்டமிடாமல், பல ஆண்டுகள் மாறாமல் இருந்ததாலேயே உருவான முத்திரை அது.

ஷார்ப்பும் ரோமனியுக்கும் பயன்படுத்தும் தரவுகள் பெருஞ்சந்தைச் சரக்குகளைப் பற்றியவை. சிறுவணிகத்துக்கு ஊகத்தால்தான் நீட்ட முடியும். ஆனால் இந்த விடைக்கு ஒரு நடைமுறை வலிமை உண்டு. மாறாமல் இருப்பதற்குப் பணம் தேவையில்லை. தீபாவளிக்கு ஒரு லோகோ, பேஸ்புக்குக்கு ஒரு லோகோ, பலகைக்கு இன்னொன்று என்று சிதறுவதைத் தவிர்ப்பது எந்த நுண்தொழிலுக்கும் கைகூடும்.

சட்டம் என்ன கேட்கிறது

ஐந்தாம் தரப்பு சட்டம். கூலாயில் தொழில் தொடங்குகிறவர் முதலில் செல்லும் இடம் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம். 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, சொந்தப் பெயரில் தொழில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் பதிய 60 வெள்ளி. இந்தப் பதிவு கையில் இருந்தால் பெயரும் சின்னமும் தமக்கே உரியவை என்று பலர் கருதிவிடுகிறார்கள். அது சரியல்ல. எஸ்எஸ்எம் பதிவு தொழில் நடத்துவதற்கானது. பெயரிலும் லோகோவிலும் முத்திரை உரிமை வேண்டுமென்றால் மைப்போ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் தனியே பதிய வேண்டும்.

2019 டிசம்பர் 27 அன்று நடப்புக்கு வந்த வணிக முத்திரைச் சட்டம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலைத் தூள் 30ஆம் வகுப்பு, உணவகம் 43, முடிதிருத்தகம் 44. ஒரு வகுப்புக்கான விண்ணப்பக் கட்டணம், மைப்போ முன்கூட்டியே ஏற்றுள்ள பட்டியலிலிருந்து விவரணையைத் தேர்ந்தால் 950 வெள்ளி, இல்லாவிட்டால் 1,100 வெள்ளி. மாதம் சில ஆயிரம் வெள்ளி புரளும் தொழிலுக்கு இது சிறு தொகையல்ல.

சட்டம் கேட்பது தனித்தன்மை. சரக்கின் வகையையோ தரத்தையோ ஊரையோ மட்டும் சொல்லும் குறி பொதுவாக மறுக்கப்படும். இங்கேதான் முந்தைய விடைகளோடு நேர் மோதல் வருகிறது. மிளகாய் படம் போட்ட மசாலைப் பொட்டலத்தை வாடிக்கையாளர் உடனே புரிந்துகொள்வார். ஆனால் மசாலை விற்பவர் எவரும் மிளகாயைத் தமக்கே உரியதென்று சொந்தம் கொண்டாட முடியாது. எது எளிதில் புரிகிறதோ அது எளிதில் பாதுகாக்கப்படுவதில்லை. ஊர்ப்பெயரும் அப்படியே. அதில் வேறொரு இடரும் உண்டு: 2008இல் தனி மாவட்டமானபோது கூலாய்க்குக் ‘கூலாய்ஜெயா’ என்ற பெயர் வந்தது, 2015இல் மாவட்டம் மீண்டும் கூலாய் ஆனது. ஊர்ப்பெயரை நடுவில் வைத்து வரைந்த சின்னம் அரசின் ஒரு முடிவால் பழசாகிவிடலாம்.

மலேசியத் தமிழ் வணிகத்தில் லோகோவின் சட்ட எடையைக் காட்டிய வழக்கு மெக்கறி. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999இல் தொடங்கிய இந்த உணவகத்தின்மேல் மெக்டொனால்ட்ஸ் 2001இல் வழக்குத் தொடுத்தது. 2006இல் உயர்நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உணவகத்தின் பலகையில் இரு கட்டைவிரல்களையும் உயர்த்திச் சிரிக்கும் கோழியும், மலேசியக் கோழிக் கறி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களும் இருந்தன. மெக்டொனால்ட்ஸின் தங்கநிற வளைவு எதுவும் இல்லை. விற்ற உணவும் வேறு. முழுத் தோற்றத்தையும் சேர்த்துப் பார்க்கையில் இரண்டையும் குழப்பிக்கொள்ள இடமில்லை என்று நீதிமன்றம் கருதியது. 2009 செப்டம்பர் 8 அன்று கூட்டரசு நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸின் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. பெயரில் இருந்த நெருக்கத்தின் விளைவைத் தணித்ததில் படத்துக்கும் பங்கு இருந்தது. ஆனால் வழக்கு முடிய எட்டு ஆண்டுகள் ஆயின. எல்லாச் சிறுவணிகமும் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

சட்டத் தரப்பின் குறை, அது வாடிக்கையாளரை ஈர்ப்பதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது. பதிவுச் சான்றிதழ் பிறர் எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும். கடைக்கு ஆளைக் கொண்டுவராது. பதியாமலேயே நீண்ட காலப் பயன்பாட்டின் வழி நற்பெயர் ஈட்டியவருக்குப் பொதுச் சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பதால், முதல் நாளிலேயே பதிய வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

யார் வரைவது?

வரைபவர் யார் என்பதில் நான்கு வழிகள் இன்று போட்டியிடுகின்றன. முதலாவது, பலகைக் கடை. பலகைக்குக் கூலி கொடுத்தால் லோகோவும் சேர்ந்து வந்துவிடும். எந்த அளவு எழுத்து எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்ற அனுபவ அறிவு அவர்களிடம் உண்டு. ஆனால் கையிருப்பு வடிவங்களையே மாற்றிப் போடுவதற்கு வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, தனியார் வடிவமைப்பாளர். இங்கே பதிப்புரிமை முக்கியமாகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், எழுத்துவழி மாற்றித் தராவிட்டால் லோகோவின் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவரிடமே தங்கும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவில் வேறு வழியைத் தேர்ந்திருக்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக உருவாக்கப்பட்ட படைப்பின் உரிமை, மாறான உடன்பாடு இல்லாதவரை, கேட்டவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். சிறுவணிகருக்குச் சாதகமான விதி இது. ஆனாலும் வரைந்தவர் தமக்குச் சொந்தமில்லாத படத்தையோ எழுத்துருவையோ சேர்த்திருந்தால், அவரிடம் இல்லாத உரிமை யாருக்கும் மாறாது. எனவே உரிமை, திருத்தங்களின் எண்ணிக்கை, எந்த வடிவக் கோப்புகள் கிடைக்கும் என்பவற்றை ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவது நல்லது. பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டார் கோப்பு கையில் இல்லாவிட்டால், அடுத்த பலகைக்கு எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டிவரும்.

மூன்றாவது, போட்டி. 2010 ஜூலை 15 அன்று இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறி, திறந்த போட்டியில் தமிழரான உதயகுமார் வரைந்தது. மலேசியாவில் 2018 ஜனவரியில் வெளியான ‘மலேசியாவுக்கு வருகை தாரீர் 2020’ சின்னம் பரவலான குறைகூறலுக்கு ஆளாகி, 2019 ஜூலையில் போட்டி மூலம் தேர்ந்த புதிய சின்னத்துக்கு இடம் தந்தது. போட்டி நல்ல பலன் தரலாம் என்பதற்கு இவை சான்றுகள். 2008இல் தொடங்கிய 99டிசைன்ஸ் போன்ற இணையச் சேவைகள் இதே முறையைச் சிறுவணிகத்துக்குக் கொண்டுவந்தன. ஆனால் ஒருவருக்குப் பரிசும் மற்றவர்களுக்கு ஊதியமில்லாத உழைப்பும் என்பது நியாயமா என்று வடிவமைப்பாளர் சங்கங்கள் கேட்கின்றன. வணிகத்தை நேரில் பாராதவர் அவசரமாக வரைவதில் ஆழம் இருக்குமா என்ற ஐயமும் நியாயமானதே.

நான்காவது, வார்ப்புருவும் செயற்கை நுண்ணறிவும். கேன்வா போன்ற தளங்கள் செலவை ஏறத்தாழ இல்லாமல் ஆக்கிவிட்டன. ஆனால் அங்கே உள்ள படங்களும் வார்ப்புருக்களும் எல்லோருக்கும் திறந்தவை. அவற்றைக் கொண்டு செய்த லோகோவை வணிக முத்திரையாகப் பதியக் கூடாது என்று கேன்வாவின் விதிகளே சொல்கின்றன. செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்பதும் தெளிவடையவில்லை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் மனிதப் படைப்பாக்கம் தேவை என்று வழிகாட்டியது. மலேசியச் சட்டமும் படைப்பாளரை ஒரு நபராகக் கொண்டே பேசுகிறது. வணிக முத்திரைச் சட்டமோ யார் வரைந்தார் என்று கேட்பதில்லை, தனித்தன்மையையே முதன்மையாகப் பார்க்கிறது. ஆகவே இத்தகைய படம் முத்திரையாகப் பதிவாகக் கூடும். ஓவியமாகப் பாதுகாப்புப் பெறாமலும் போகலாம்.

எந்த எழுத்தில் எழுதுவது?

லோகோ பற்றிய பிறமொழி நூல்கள் அதிகம் தொடாத கேள்வி இது. உள்ளாட்சி மன்றங்களின் விளம்பர விதிகள் பலகையில் தேசிய மொழிக்கு முதன்மை இடம் கேட்கின்றன. பலகையின் வாசகத்தைத் தேசிய மொழி அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா சரிபார்த்து உறுதிசெய்யும் நடைமுறையும் உண்டு. ஆகவே லோகோவை வரையும்போதே மலாய் வாசகத்துக்கும் தமிழ்ப் பெயருக்கும் தேவையானால் சீன எழுத்துக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். மைப்போவில் விண்ணப்பிக்கும்போது தமிழெழுத்து இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தர வேண்டும்.

தமிழெழுத்தை லோகோவில் வைக்க வேண்டும் என்போர் பண்பாட்டு அடையாளத்தையும் தனித்தன்மையையும் காரணம் காட்டுகிறார்கள். ரோமன் எழுத்துகள் நிறைந்த கடைவரிசையில் ‘ழ’வோ ‘ஞ’வோ தனித்துத் தெரியும். மறுதரப்பு, மலாய், சீன வாடிக்கையாளருக்கு அது படிக்க முடியாத கோலமாகிவிடும், ‘இது இந்தியருக்கான கடை’ என்று மற்றவர்களை ஒதுங்கச் செய்யும் என்று அஞ்சுகிறது. இரண்டுக்கும் அளவாய்வுச் சான்று மிகக் குறைவு.

தொழில்நுட்பத் தடை பெருமளவு நீங்கிவிட்டது. தமிழ் மென்பொருளான முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியரான முத்து நெடுமாறனின் தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளிலேயே இடம்பெற்றுள்ளன. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான், ஏக் டைப் குழுவின் முக்த மலர், பலூ தம்பி, தாரிக் அஸீஸின் கவிவனார் போன்றவை வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எஞ்சியிருப்பது கவனக்குறைவு. தமிழ் அறியாத வடிவமைப்பாளர் மென்பொருளில் தெற்காசிய எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறும், புள்ளி விலகும். அந்தப் பிழையோடு பலகை ஏறிவிட்டால் இறக்குவது செலவு. அச்சுக்குப் போகுமுன் தமிழ் தெரிந்த இருவர் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பது செலவில்லாத காப்பு.

தெய்வமும் எண்ணும் ஹலாலும்

பிள்ளையாரையோ முருகனையோ லோகோவில் வைப்பது பக்தியின் வெளிப்பாடு. அதே படம் பையிலும் பொட்டலத்திலும் அச்சாகிக் குப்பைக்குப் போகும்போது மனம் நோகிறது என்ற ஆட்சேபமும் பக்தியிலிருந்தே எழுகிறது. உரிமை நோக்கிலும் தெய்வப்பெயரும் சமய நூலின் பெயரும் பலவீனமானவை. 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் லால் பாபு பிரியதர்ஷி வழக்கில், ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாக எவரும் கோர முடியாது என்றது. உணவுத் தொழிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஹலால் சான்றிதழ் பெற விரும்புவோர் தயாரிப்பு இடத்தில் வழிபாட்டுப் பொருள்களை வைக்கக் கூடாது. ஹலால் சின்னத்தையோ அதுபோன்ற ஒன்றையோ சான்றிதழ் இல்லாமல் பயன்படுத்துவது 2011ஆம் ஆண்டின் ஆணைப்படி குற்றம். பின்னாளில் எல்லா இனத்தாருக்கும் விற்கும் எண்ணம் இருந்தால், முதல் லோகோவிலேயே இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

எண்கணிதப்படி பெயரின் எழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பரவலான நம்பிக்கை. அது விற்பனையைக் கூட்டும் என்பதற்குச் சந்தை ஆய்வில் ஆதாரம் இல்லை. உரிமையாளருக்கு அது தரும் மன உறுதியை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. கூடுதல் ‘ஏ’க்களும் ‘எச்’களும் சேர்ந்த எழுத்துக்கூட்டலை வாடிக்கையாளர் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா என்ற சோதனையையாவது முதலில் செய்துவிடலாம்.

மதிப்பீடு

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கையில், ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. எஸ்எஸ்எம் பதிவு முத்திரை உரிமை ஆகாது. யாவருக்கும் திறந்த வார்ப்புருவைக் கொண்டு தனியுரிமை கட்ட இயலாது. லோகோவுக்குக் கொடுத்த விலைக்கும் அது தந்த பயனுக்கும் நிலையான தொடர்பு இல்லை. எளிமையும் மாறாமையும் பெரும்பாலும் நன்மையே செய்கின்றன.

ஓரளவு நம்பத்தக்கது, சரக்கைக் காட்டும் படம் புதிய வணிகத்துக்கு உதவும் என்ற முடிவு. சட்டத்தோடு அதற்குள்ள மோதலுக்கு ஒரு நடுவழியும் தெரிகிறது: புரியவைக்கும் வேலையைப் படத்துக்கும், தனித்து நிற்கும் வேலையைப் பெயருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். பிறரிடம் இல்லாத பெயரோடு மிளகாயோ கத்தரிக்கோலோ சேர்ந்தால், வாடிக்கையாளருக்கும் புரியும், பதிவுக்கும் பிடி கிடைக்கும். இதன்படி, கையில் உள்ள சிறு தொகையை முதலில் பெயரைத் தேடிச் சரிபார்ப்பதிலும், அடுத்து உரிமையைத் தெளிவாக எழுதித் தரும் ஒரு வடிவமைப்பாளரிடமும், பின்னர் தொழில் காலூன்றியதும் ஒரே ஒரு வகுப்பில் பதிவதிலும் செலவிடுவது, அழகான படத்துக்கே முழுத்தொகையையும் கொடுப்பதைவிடப் பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது.

திறந்தே இருக்கும் கேள்விகள் சிறியவையல்ல. தமிழெழுத்து மலாய், சீன வாடிக்கையாளரைத் தயங்க வைக்கிறதா, அல்லது நம்பகத்தன்மையின் அடையாளமாக ஈர்க்கிறதா என்பதைக் கூலாய் போன்ற ஊரில் எண்ணி அளக்க வேண்டும். ஐந்து பேருக்குக் குறைவானோர் உழைக்கும் கடையில் லோகோவின் பங்கு எவ்வளவு, கைப்பக்குவத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டிய ஆய்வும் தேவைப்படுகிறது. செயற்கை நுண்ணறிவுப் படத்தின் உரிமையை இந்நாட்டு நீதிமன்றங்கள்தாம் தெளிவாக்க வேண்டும். இவற்றுக்கு விடை வரும்வரை, எது சிறந்த லோகோ என்று அறுதியிட்டுச் சொல்பவரைவிட, எது தமக்குச் சொந்தம், எங்கெல்லாம் தெளிவாகத் தெரியும், பத்தாண்டு கழித்தும் மாற்றாமல் வைத்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கும் வணிகரே நல்ல முடிவுக்கு அருகில் இருக்கிறார்.